பூப்பாதையில் முன்வரிசை

வில்காபாதா அரசு நுண்கலைப் பள்ளியில் எந்தப் பொருளும் சும்மா வந்து உட்கார்ந்துவிட முடியாது. ஒரு குழாயை மாற்றினாலும் திறப்பு விழா உண்டு. தேசிய கீதம் பாடுவார்கள். வெல்வெட் துணி விரித்த கௌரவ மேஜைக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையாக உட்காருவார்கள். புதுப் பொருளுக்கு ஒரு ஞானத்தந்தை இருப்பார். ரிப்பனில் தொங்கும் ஒயின் பாட்டிலை அவர் சின்னச் சுத்தியால் உடைப்பார். கடைசியில் பித்தளைப் பலகை. 'இந்தக் கை கழுவும் தொட்டி, இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ மொந்தூஃபார் அவர்களின் தொலைநோக்கால் உருவானது.' தொட்டியில் தண்ணீர் வருமா என்பது பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை.

ஸெனோபியா சால்கோ அங்கே கலை வரலாறு நடத்துகிறாள். அவள் பாடத்துக்குப் பலகை இல்லை. ஞானத்தந்தை இல்லை. யாரும் எதையும் உடைத்ததில்லை. அதனால் அப்படி ஒரு பாடம் இருப்பதே பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. தலைநகர் லீமாவிலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது என்ற செய்தி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

முதலில் வந்தவர் இன்ஜினியர் வில்பெர். பள்ளியின் தர உறுதி அலுவலகம் என்பது அவர் ஒருவர்தான். அதற்கு முன்னால் நூடுல்ஸ் தொழிற்சாலையில் இருந்தார். நூடுல்ஸ் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அங்கே அவர் வேலை. நன்றாகவே செய்திருக்கிறார்.

"டீச்சர், உங்க பாடத்துல மொத்தம் எத்தனை நூற்றாண்டு?"

"ஆறு நடத்துறேன், இன்ஜினியர்."

"அதுல எது சரியா ஓடல?"

"நூற்றாண்டு எல்லாம் ஒரே மாதிரிதாங்க ஓடும்."

"அதில்ல டீச்சர். டிமாண்ட் கம்மியா இருக்கறது. ரெண்டைத் தூக்கிட்டா நேரம் மிச்சம். உதாரணத்துக்கு இந்தப் பதினேழு…"

"பதினேழைத் தொடாதீங்க. நம்ம ஆளுங்க ஸ்பானியக்காரங்களோட ஓவியர் சங்கத்தை விட்டு வெளிய வந்து, தனியா வரைய ஆரம்பிச்சதே அப்பதான்."

இன்ஜினியர் ஆர்வமாகப் பேனாவைத் திறந்தார். "வெளிய வந்தவங்களுக்கு வேலை கெடச்சுதா?"

"கெடச்சுதே. கோயில் கோயிலா வரைஞ்சாங்க."

"அதுக்கு ஆதாரம்?"

"கோயில்தான்."

"கோயில் கையெழுத்துப் போடாதே டீச்சர்" என்றார் இன்ஜினியர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. கெட்ட மனுஷர் இல்லை. போகும்போது கதவோரம் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்க. பாடத்துக்கு ஒரு விளைபொருள் வேணும். கையால தொட்டுப் பாக்கற மாதிரி. ஆய்வு அன்னைக்கு அதைக் காட்டலைன்னா, அடுத்த வருஷம் உங்க நேரம் பூரா 'காட்சித் தொழில்முனைவு'க்குப் போயிடும். டாக்டர் முடிவே பண்ணிட்டாரு."

ஸெனோபியா அன்று முழுக்க விளைபொருளைத் தேடினாள். அவளுக்குத் தெரிந்து ஒன்று இருந்தது. போன மாசம் ஒரு பழைய படத்தைத் திரையில் காட்டினாள். தேவதூதர், கையில் துப்பாக்கி, சட்டைக் கையெல்லாம் லேஸ், தலையில் இறகுத் தொப்பி. உருளைக்கிழங்கு விற்கும் வீட்டுப் பெண் நெலிதா, சுற்றுலாக் கடைகளுக்கு லாமா மிருகத்தின் படம் வரைந்து படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்பவள், எழுந்து நின்றாள்.

"டீச்சர், இவங்ககிட்ட இப்படித்தான் வரையணும்னு சொல்லியிருப்பாங்கல்ல?"

"சொன்னாங்க. ஐரோப்பாவுல அச்சடிச்ச படத்தைக் கொடுத்து, இதைப் பாத்து வரைங்கடான்னாங்க."

"கேக்கலையா?"

"பாதி கேட்டாங்க."

நெலிதா உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவள் வரைந்த லாமாவின் முகத்தில் ஒரு முறைப்பு இருந்தது. கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஸெனோபியா வீட்டுக்கு நடந்து போனபோது ஆலங்கட்டி மழை பெய்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. இந்த வேலைக்குக் கிடைக்கும் பலன் இதுதான். இதை ஆய்வுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அந்த வாரமே மாணவர்களுக்குத் திருப்திப் படிவம் கொடுத்தார்கள். 'பதினெட்டாம் நூற்றாண்டு உங்களுக்கு எந்த அளவுக்குத் திருப்தி அளித்தது?' ருஃபினோ என்ற பையன், 'அப்போது நான் பிறக்கவில்லை' என்று எழுதினான். அலுவலகம் அவனுக்கு அந்த நூற்றாண்டு முழுவதும் வருகை இல்லை என்று குறித்துக்கொண்டது.

பிறகு இயக்குநரே வகுப்புக்கு வந்தார். வந்தவர் ஒரு சின்ன உரை ஆற்றினார். மூன்று பேருக்கு மேல் இருந்தால் உரை ஆற்றாமல் அவரால் இருக்க முடியாது.

"மாணவ மணிகளே! கலையை நான் உயிராக நேசிக்கிறேன். நேசிப்பதற்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லை. இந்தப் பதவிக்கு வந்த நாள் முதல், கலை என்னைத் தொந்தரவு செய்ய நான் அனுமதித்ததே இல்லை. அதனால்தான் இந்தப் பள்ளி இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது!"

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் ஸெனோபியா பக்கம் திரும்பினார். "பாரும்மா, உன் பாடத்தைக் காப்பாத்த நானே ஒரு வழி யோசிச்சிருக்கேன். முற்றத்துச் சுவர் பூரா ஒரு பெரிய ஓவியம். பழைய பாணி. உன் புள்ளைங்கதான் வரையணும். ஆய்வு அன்னைக்குத் திறப்போம். என்ன படம்னு நான் சொல்றேன். ஒவ்வொண்ணா போடு."

ஸெனோபியா ஒவ்வொன்றாகத் திரையில் போட்டாள். மாதாவை வேண்டாம் என்றார், கூட்டம் இல்லையாம். புனிதர்களை வேண்டாம் என்றார், ஒல்லியாக இருக்கிறார்களாம். அடுத்து ஒரு கிராமத்துக் கோயிலின் சுவர் வந்தது. இரண்டு பாதைகள். ஒன்று அகலமானது, வழியெல்லாம் பூ, நல்ல நல்ல உடுப்பில் மனிதர்கள், நடுவில் விருந்து மேஜை, முடிவில் ஒரு மாளிகை. இன்னொன்று ஒற்றையடிப் பாதை, முழுக்க முள்.

"நிறுத்து!" என்றார் இயக்குநர். "இதான். இதேதான். இந்தப் பூப்பாதை இருக்கே, இது நம்ம நிர்வாகம். அந்த மாளிகை நம்ம புதுக் கட்டடம். அதுக்குப் பின்னாடி ஆரஞ்சா ஒரு வெளிச்சம் தெரியுதே, அது என்னம்மா?"

"அது வந்து டாக்டர்…"

"சூரிய அஸ்தமனம். அடடா!"

"இல்ல டாக்டர். அதோட கதை என்னன்னா…"

"கதை வேண்டாம்மா!" இயக்குநர் கையை உயர்த்தினார். "வரலாறு வரலாறுன்னு பேசிப் பேசித்தான் உன் பாடம் இந்த நெலமைக்கு வந்து நிக்குது. நான் பூப்பாதையில முன்வரிசையில வரணும். மத்த அதிகாரிங்க என் பின்னாடி, பதவிப்படி."

"அப்ப அந்த முள்ளுப் பாதையில யாரு டாக்டர்?" என்று நெலிதா கேட்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அதுல நீங்க நில்லுங்க. கஷ்டப்பட்டு ஏறணும்ல இன்னும்? உங்க டீச்சரையும் சேத்துக்கோங்க. அந்த மூலையை யாரு பாக்கப் போறா."

அவர்கள் போய், கதவு மூடியதும் வகுப்பு வெடித்தது. ருஃபினோ மேஜைக்கு அடியிலேயே விழுந்துவிட்டான். அந்தப் பக்கத்து ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன எந்தக் குழந்தைக்கும் தெரியும், பூப்பாதை நேராக நரகத்துக்குப் போகிறது என்று. முள்பாதைதான் மோட்சத்துக்கு.

"சிரிக்காதீங்கடா" என்றாள் ஸெனோபியா. "தெரியாம சொல்லிட்டாரு. நான் நாளைக்கு மறுபடி சொல்லப் போறேன்."

"சொல்லுங்க டீச்சர்" என்றாள் நெலிதா. "காது இருந்தா கேப்பாரு."

மறுநாள் போனாள். இயக்குநர் புது மின்விசிறிக்கு ஞானத்தாய் தேடிக்கொண்டிருந்தார், பார்க்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தாள்: 'படத்தின் பொருள் குறித்து.' இரண்டு நாளில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில், 'அளவிடத்தக்க குறியீடுகள் இல்லை. உரிய கட்டங்களில் நிரப்பி மீண்டும் அனுப்பவும்.' கட்டங்களை எடுத்துப் பார்த்தாள். நரகத்துக்கு அதில் இடம் இல்லை.

அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்குச் சட்டென்று கோபம் வராது. வந்தபோது அது சத்தமில்லாமல் வந்தது. முற்றத்துக்குப் போனாள். பிள்ளைகள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"ஆணை என்ன சொல்லுதோ அதை அப்படியே வரையறோம்" என்றாள். "ஒரு பூ கூடக் குறையக் கூடாது. கோயில்ல என்ன இருக்கோ அது இங்க இருக்கணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"அப்ப நெருப்பு?" என்றான் ருஃபினோ.

"கோயில்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னடா கேள்வி?"

ஒரு மாசம் வரைந்தார்கள். அந்த ஒரு மாசமும் அதிகாரிகள் சாரத்தின் அடியில் வந்து நின்றபடி இருந்தார்கள். பூப்பாதையில் யார் மாளிகை வாசலுக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் பிரச்சினை. நிர்வாகத் தலைவர் தன்னைப் பொருளாளருக்குப் பின்னால் போட்டிருப்பதாகப் புகார் எழுதினார். பொருளாளர் தன் பணிமூப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். கடைசியில் வாசலுக்கும் பதவிக்குமான இடைவெளி பற்றி ஒரு சுற்றறிக்கையே வந்தது. பூப்பாதையில் போகிறவர்களின் இடுப்பைச் சுற்றிக் கயிறு வரைந்திருந்தார்கள். பேய்கள் அதைப் பிடித்து இழுக்கும் என்பது கோயில் வழக்கம். நிர்வாகத் தலைவர் அதைக் கௌரவப் பட்டை என்று எடுத்துக்கொண்டார்.

"ஏம்பா, இயக்குநருக்கு மட்டும் பட்டை தடியா இருக்கு? எனக்கு ஏன் நூலாட்டம் போட்டிருக்க?"

"தடியா வேணுமா ஐயா?"

"பின்ன?"

"போட்டுட்டாப் போச்சு" என்றான் ருஃபினோ. இரண்டு சுற்றாகப் போட்டான்.

ஒவ்வொருவரும் தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கழுத்தை நிமிர்த்தி மாளிகையைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. இன்ஜினியர் வில்பெர் ஒருவர்தான் வரிசையின் கடைசியில் போட்டால் போதும் என்று சொன்னார். அதுகூட அடக்கத்தால்தான்.

ஆய்வுக்கு முன்தினம் இயக்குநர் அலுவலகத்திலிருந்து அவசர உத்தரவு வந்தது. லீமா குழுவின் தலைவர் டாக்டர் மிர்த்தாதான் ஓவியத்துக்கு ஞானத்தாய். ஆகவே மரியாதை நிமித்தம் அவரையும் படத்தில் சேர்க்க வேண்டும். இயக்குநருக்கும் முன்னால். நெலிதா அமைச்சகத்தின் இணையப் பக்கத்திலிருந்து முகத்தைப் பார்த்து, மாளிகை வாசற்படியில் ஒரு காலை எடுத்து வைத்த மாதிரி வரைந்தாள். காதணிகூடத் தப்பவில்லை.

விழா அன்று முற்றம் நிறைந்துவிட்டது. பெற்றோர்கள் மலையூர்களிலிருந்து லாரி பிடித்து வந்திருந்தார்கள். மூட்டையில் அவித்த சோளக்கதிர், பாலாடைக்கட்டி, குடத்தில் சிச்சா என்கிற சோளக் கள். சுவரில் நீலத் துணி தொங்கியது. தேசிய கீதம் முடிந்தது. இயக்குநர் பேசினார். "இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்தவன் நான். யாருடைய ஆலோசனையும் கேட்கவில்லை. என் சக அதிகாரிகள் அனைவரையும் நானே முன்னின்று இதில் அழைத்துச் செல்கிறேன்!" பலத்த கைதட்டல். டாக்டர் மிர்த்தா, "லீமாவில் நாங்கள் மாகாணங்களைப் பற்றி எப்போதும் நினைக்கிறோம். பெரும்பாலும் விமானத்தில் ஏறும்போது" என்றார். பிறகு சுத்தியால் பாட்டிலை உடைத்தார். துணி விழுந்தது.

பின்வரிசையில் யாரோ ஒரு அம்மா, "அடியாத்தீ!" என்றாள். அடுத்து ஒரு சிரிப்பு. அதை அடக்கப் பார்த்த இன்னொரு சிரிப்பு. அப்புறம் சோளக்கதிரும் கையுமாக ஊரே சிரித்தது. கௌரவ மேஜையும் சிரித்தது, படம் பிடித்திருக்கிறது என்று நினைத்து.

"பாருங்க, மக்கள் எவ்வளவு சந்தோஷப்படறாங்க" என்ற டாக்டர் மிர்த்தா நெலிதாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சொல்லும்மா. கலை வரலாறு உனக்கு என்ன கொடுத்துச்சு? அளந்து பாக்கற மாதிரி சொல்லணும்."

நெலிதா ஒலிபெருக்கியை வாங்கினாள். ஸெனோபியாவுக்கு அந்தப் பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று ஒரு பயம். எழுந்து தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"இந்தச் சுவரைப் படிக்கக் கொடுத்துச்சுங்க. இது எங்க பக்கத்துக் கோயில்ல இருக்கற படம். வலது பக்கம் முள்ளுப் பாதை, மோட்சத்துக்குப் போறது. அதுல நாங்க இருக்கோம், எங்க டீச்சர் இருக்காங்க. இடது பக்கம் பூப்பாதை. அங்க போறவங்க இடுப்புல கயிறு இருக்கு. மறுமுனை பேய் கையில இருக்கு, அதோ, மாளிகை மாடத்துல. மாளிகைக்குப் பின்னாடி இருக்கறது சாயங்கால வெயில் இல்லைங்க. நெருப்பு. வாசப்படியில கால் வெச்சிருக்கறது நீங்க."

இப்போது கௌரவ மேஜை சிரிக்கவில்லை. வரிசையாகக் கழுத்துகள் நிமிர்ந்தன. ஒரு மாசத்தில் முதல் தடவையாக எல்லோரும் மாளிகையைப் பார்த்தார்கள்.

"இது சதி!" இயக்குநர் எழுந்தார். "இதை ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னேன், டாக்டர்."

ஸெனோபியா எழுந்து நின்றிருந்தாள். அவள் கையில் ஒலிபெருக்கி இல்லை. தேவைப்படவும் இல்லை.

"வகுப்புலயே சொல்ல வந்தேன். கதை வேண்டாம்னீங்க. எழுதிக் குடுத்தேன். கட்டம் போடலைன்னு திருப்பி அனுப்புனீங்க. இங்க சோளம் தின்னுக்கிட்டு இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் இது. ஒரு நாள் என் வகுப்புல வந்து உக்காந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். இந்தப் பாடத்தால என்ன பலன், என்ன பலன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, இதான். இந்தப் பாடம் இல்லாமப் போனா என்ன ஆகும்னு கேட்டீங்கன்னா, அதுவும் இதான். மூடணும்னா மூடிக்கோங்க. ஆனா பலன் இல்லைன்னு மட்டும் எழுதாதீங்க. சுவரு சாட்சிக்கு நிக்குது."

அன்று மதியம் அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்றார் நிர்வாகத் தலைவர். அடித்தால் ஏன் என்று அமைச்சகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அறிக்கையோடு புகைப்படம் வைக்க வேண்டும் என்றார் இன்ஜினியர். டாக்டர் மிர்த்தா தன் காதணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். புகைப்படம் வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாலையில் தீர்மானம் வெளிவந்தது.

'இன்று முதல், இந்தப் பள்ளியின் எல்லைக்குள், பூப்பாதை மோட்சத்துக்குச் செல்லும். மாளிகைக்குப் பின்னால் தெரிவது நிறுவனத்தின் கதகதப்பு. மாடத்தில் இருப்பவர்கள் உதவியாளர்கள். முள்பாதை எங்கு செல்கிறது என்பது பின்னர் அறிவிக்கப்படும். இந்தப் பொருளை மாணவர்களும் அலுவலர்களும் ஐயமின்றி அறிய, கலை வரலாறு எல்லோருக்கும் கட்டாயப் பாடம் ஆக்கப்படுகிறது.'

அந்தப் பாடத்தை நடத்தத் தெரிந்தவர் பள்ளியில் ஒருவர்தான் இருந்தார்.

திங்கட்கிழமை வகுப்பு முற்றத்தில், சுவருக்கு எதிரே நடந்தது. அதிகாரிகள் முன்பெஞ்சில், கோட்டும் டையுமாக. மாணவர்கள் பின்னால். ஸெனோபியா தீர்மானத்தை ஒரு வரி விடாமல், முத்திரை எண் வரைக்கும் உரக்கப் படித்தாள். பிறகு அதைக் கீழே வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தாள்.

"படிக்கச் சொன்னாங்க, படிச்சுட்டேன். இப்ப சுவரைப் பாப்போம். இதை யாரு சொல்லி வரைஞ்சாங்க, யாரு வரைஞ்சாங்க, சொன்னவங்க நெனச்சது ஒண்ணு, வரைஞ்சவங்க நெனச்சது ஒண்ணு, அது எங்க பிரியுதுன்னு இன்னைக்கு ஆரம்பிக்கலாம்."

இயக்குநர் தரையைப் பார்த்தார். பொருளாளர் சுவரில் இருந்த தன் கயிற்றைப் பார்த்தார். அப்புறம் முன்பெஞ்சின் ஓரத்தில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. இன்ஜினியர் வில்பெர்.

"டீச்சர்… ஒரு சந்தேகம். இந்தப் பாதையில கொஞ்ச தூரம் வந்துட்ட ஆளு, நடுவுல அந்தப் பாதைக்குத் தாண்டிப் போற மாதிரி எங்கயாச்சும் வரைஞ்சிருக்காங்களா?"

ஸெனோபியா அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"தெரியல இன்ஜினியர். நான் அப்படிப் பாத்ததே இல்ல. எழுந்து பக்கத்துல வாங்க, சேந்து தேடுவோம்."

இன்ஜினியர் எழுந்தார்.

"யோவ், உக்காருய்யா!" என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவரை நோக்கி நடந்தார்.